உவர்க்கரையில கோரை நடலாமோ? – வாசகர் கேள்வி பதில்

கொஞ்சக் காலமா வாற கடிதங்களில கனக்க பரவைக்கடல் (களப்பு) கரையைப் பற்றினதா இருக்கு. கரை அரிக்குது, உவர் ஏறுது, நட்டது நிக்குதில்லை எண்டு. அதால இந்த முறை வேற கேள்வியளை ஒதுக்கி வைச்சிட்டு இதுக்கு மட்டும் பதில் எழுதுறன்.

கேள்வி (அரியாலை கிழக்கிலயிருந்து ஒரு வாசகி): எங்கட வளவின்ர பின்பக்கம் பரவைக்கடல். மாரியில தண்ணி வேலி மட்டும் வரும், கோடையில நிலம் உப்புப் பூத்து வெள்ளையாக் கிடக்கும், ஒரு புல்லும் நிக்காது. வருசா வருசம் கரை கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுக்கொண்டு போகுது. மகன் பேர்த்தில இருக்கிறார், அங்க சுவான் ஆத்தங்கரையில கோரை மாதிரி ஒரு செடி வரிசையா நட்டிருக்கினம், உவர்த்தண்ணியிலயும் பச்சையா நிக்குது எண்டு படம் அனுப்பினவர். அடுத்த முறை வரேக்க விதை கொண்டு வரட்டோ எண்டு கேக்கிறார். கொண்டு வரலாமோ? எப்பிடி வளக்கிறது?

பதில்: அம்மா, முதல் வேலையா மகனுக்கு ஃபோன் எடுத்து விதை கொண்டு வரவேண்டாம் எண்டு சொல்லிப்போடுங்கோ. ஏனெண்டு விளக்கமாச் சொல்லுறன், அதுக்குப் பிறகு நீங்கள் கேட்ட மற்ற விசயத்துக்கு வாறன், ஏனெண்டா அந்தச் செடியை அங்க வளக்கிற முறையில எங்களுக்குப் பிரயோசனமான விசயம் நிறைய இருக்கு.

மகன் பாத்தது பெரும்பாலும் ஜுங்கஸ் கிரௌசியை எண்ட செடியா இருக்கோணும். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா நாடுகளின்ர கழிமுகங்களில தானா வளர்றது, கரை திருத்துற வேலைக்கு அவை இதைத்தான் கனக்க நடுறவை. எங்கட கோரை மாதிரித் தெரியும், ஆனா வேற குடும்பம். கோரைத் தண்டை ரெண்டு விரலுக்கு நடுவில வைச்சு உருட்டிப் பாருங்கோ, மூண்டு மூலை தட்டுப்படும். இது அப்பிடியில்லை, உருண்டையா வழுக்கிக்கொண்டு போகும், முறிச்சா உள்ளுக்கு வெள்ளைச் சோறு மாதிரி மெத்தெண்டு இருக்கும், நுனி கையில குத்தும். ஜுங்கஸ் இனத்தில ஒண்டிரண்டு எங்கட மலைநாட்டு ஈர நிலங்களிலயும் இருக்கு, அது நல்ல தண்ணிச் செடி, பரவைக்கடலுக்குச் சரிவராது.

ஏன் கொண்டு வரக்கூடாது? முதலாவது சட்டம். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, அனுமதிப்பத்திரம் இல்லாம விதையோ நாத்தோ நாட்டுக்குள்ள கொண்டு வரேலாது. ரெண்டாவது, சட்டத்தை விட எனக்குப் பெரிசாப் படுறது, உவர் நிலத்துக்கெண்டு வெளியில இருந்து கொண்டு வந்த செடி என்ன செய்யும் எண்டதை இந்த நாடு ஏற்கனவே பாத்திட்டுது. 1950களின்ர தொடக்கத்தில அம்பாந்தோட்டைப் பக்கம் உவர் மண்ணைத் திருத்தவெண்டு சீமைக்கருவேலை கொண்டு வந்து நட்டவை. இண்டைக்கு புந்தலயில, 1990 இல இலங்கையின்ர முதலாவது ராம்சார் ஈரநிலமா (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமா) அறிவிச்ச இடத்தில, களப்பைச் சுத்தி அந்த முள்ளுப் பத்தைதான். வெட்ட வெட்டத் தளிர்க்குது. சீனாவில 1979 இல கரை அரிப்பைத் தடுக்கவெண்டு அமெரிக்காவில இருந்து ஸ்பார்ட்டினா புல்லுக் கொண்டு வந்தவை, அது சேத்து நிலங்களை மூடிப் பரவி, இப்ப அதை அழிக்கிறதுக்குப் பெரிய செலவு செய்யினம். அவுஸ்திரேலியாவிலேயே பாருங்கோ, மகன் பாத்த செடியின்ர ஒண்டுவிட்ட சகோதரம் ஒண்டு, ஜுங்கஸ் அக்யூட்டஸ், மத்தியதரைக் கடல் பக்கத்தில இருந்து போய் இந்த நல்ல செடியை அதின்ர சொந்த இடத்திலயே தள்ளிப்போட்டு நிக்குது. ரெண்டையும் பக்கத்தில வைச்சாலும் பழக்கமில்லாத ஆக்களுக்கு வித்தியாசம் பிடிபடாது, விதை ரெண்டும் தூசு மாதிரி. மகன் நல்ல மனசோட கொண்டு வாற பையில எது இருக்கெண்டு ஆர் சொல்லுறது?

இனி வளக்கிற முறை. அங்க விதையை மேல தூவி விடுவினம், மண் போட்டு மூடமாட்டினம், ஏனெண்டா வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும். மேலால தண்ணி ஊத்தினா விதை அள்ளுப்பட்டுப் போகுமெண்டு தட்டை ஒரு தண்ணித் தொட்டிக்குள்ள வைச்சு அடியால ஊற விடுவினம். இதில நீங்கள் பிடிக்கவேண்டிய விசயம் என்னெண்டா அந்தத் தண்ணி நல்ல தண்ணி. உவர்ச் செடி தானே எண்டு உப்புத்தண்ணி விட்டா முளைக்கிறது விழுந்துபோகும். வளந்த செடி கடல்தண்ணி அளவு உவரையே தாங்கும், அதின்ர விதை உப்புக்குள்ள சும்மா படுத்துக் கிடக்கும், மழை வந்து உவர் கரைஞ்சு போனாப் பிறகுதான் எழும்பும். இயற்கையில அது மழைக்காலத்தைப் பாத்து முளைக்கிறதுக்குக் காரணம் இதுதான். பிறகு நாத்தைச் சின்னச் சின்னக் கொத்தாப் பிரிச்சுப் பையில வைச்சு வளத்து, நடுறதுக்கு முன்னுக்குக் கொஞ்சம் கொஞ்சமா உவர் சேர்த்துப் பழக்குவினம்.

விதை வேண்டாமெண்டா கிழங்கு பிரிக்கிறது. மண்ணுக்குக் கீழ ஓடுற தண்டோட சேர்த்து ஏழெட்டு முளை உள்ள துண்டா வெட்டி, இலையைப் பாதிக்குக் குறைச்சு நடுறது. குறைக்கேக்க ஒரு கவனம் வேணும், வெட்டின நுனி தண்ணிக்கு மேல நிக்கோணும். சேத்துக்குள்ள காத்தில்லை, வேர் மூச்சு விடுறது இலைக்குள்ளயும் தண்டுக்குள்ளயும் இருக்கிற காத்துக் குழாயளாலதான், வெட்டின வாய் தண்ணிக்குள்ள தாண்டா செடி மூச்சு முட்டி அழுகிப் போகும். நாங்கள் பாய் இழைக்கிற பன் நடேக்கயும் இதே கதைதான், கனபேர் கவனிக்கிறேல்லை.

சரி, உங்கட கரைக்கு என்ன நடலாம்? அங்கயே பக்கத்தில தானா நிக்கிறதை நடுங்கோ. உங்கட வளவில இருந்து கரையோரமா நடந்து போய்ப் பாருங்கோ, எங்கயாவது உமரி சிவந்து போய் நிக்கும், தடிச்ச இலையோட நிலத்தில படர்ந்து ஊதாப் பூப் பூக்கிற ஒரு செடி நிக்கும், உவர்ப்புல்லு இருக்கும், தண்ணி ஓரத்தில கண்ணா எண்ட கண்டல் மரம் நிக்கும். கண்ணா இலையின்ர அடிப்பக்கத்தைக் கோடை வெய்யில் நேரம் பாருங்கோ, சின்னச் சின்ன உப்புத் துகள் மினுங்கும், நாக்கில வைச்சாக் கரிக்கும், அது உள்ள வந்த உப்பை அப்பிடி வெளிய தள்ளுது. இப்பிடி நிக்கிறதெல்லாம் உங்கட மண்ணில பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினதுகள். படர்ற செடியின்ர கணுவோட ஒரு சாண் துண்டை முறிச்சு ஈர மண்ணில புதைச்சாலே காணும், வேர் விடும். உமரி விதையைப் பழுத்துக் காய்ஞ்ச நேரம் உருவியெடுத்து முதல் மழையோட தூவலாம். கண்ணா தண்ணி ஓரத்துக்கு. பன், கோரை எண்டது வளவுப் பக்கமா, மாரித்தண்ணி கன நாள் நிண்டு உவர் குறைவா இருக்கிற பள்ளத்துக்குத்தான், உப்புப் பூக்கிற வெட்டையில அதை நட்டுக் காசைக் கரைக்காதேங்கோ. தில்லை மரத்தை மட்டும் கை வைச்சு முறிக்காதேங்கோ, பால் கண்ணில பட்டாப் பெரிய கரைச்சல்.

இன்னொண்டு, வேலிக்கு வெளிய இருக்கிற கரை உங்கட உறுதியில இல்லை. கரையோரம் பேணல் சட்டம் 1981 இல வந்தது, கரையில இருந்து உள்ளுக்கு 300 மீற்றர் கரையோரம் பேணல் திணைக்களத்தின்ர அனுமதி வலயம். களப்புக்கரைக்கு அளவு வேற மாதிரி வரும். வேலிக்கு வெளிய நடுறதெண்டா பிரதேச செயலகத்தில ஒருக்கா விசாரிச்சுப்போட்டுச் செய்யுங்கோ.

கேள்வி (வடமராட்சியிலயிருந்து ஒரு ஆசிரியர்): சுற்றாடல் கழகப் பிள்ளையளோட தைப்பொங்கல் கழிச்சு, மாசி தொடக்கத்தில, தொண்டைமானாற்றுக் களப்போரத்தில பன்னும் கண்டலும் நட்டனாங்கள். பிள்ளையள் பக்கத்துக் கிணத்தில அள்ளி ஒவ்வொரு நாளும் தண்ணி விட்டவை. பங்குனி முடியிறதுக்குள்ள முக்கால்வாசி கருகிப் போச்சு, மிச்சத்தை மாடு திண்டிட்டுது. பிள்ளையள் மனம் விட்டுட்டினம். எங்க பிழை?

பதில்: சேர், பிள்ளையளிட்ட முதல் ஒண்டைச் சொல்லுங்கோ, இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கை முழுக்கக் கண்டல் நட்ட இடங்களைப் போய்ப் பாத்து ஒரு ஆய்வு 2017 இல வெளிவந்தது. 23 இடம் பாத்தவை, அதில 9 இடத்தில ஒரு கண்டும் மிஞ்சேல்லை. ஆயிரம் ஹெக்டயருக்கு மேல நட்டதில நிண்டது இருநூறு சொச்சம்தான். காரணமாச் சொன்னதில முக்கியமானது பிழையான இடத்தில, பிழையான நிலமட்டத்தில நட்டது, நட்ட பிறகு திரும்பிப் பாக்காதது, கால்நடை மிதிச்சது. பெரிய காசு செலவழிச்ச திட்டங்களுக்கே இந்தக் கெதி.

உங்கட விசயத்தில மாதம்தான் முதல் பிழை. எங்களுக்கு மழை ஐப்பசியில இருந்து மார்கழி மட்டும், மாசிக்குப் பிறகு வானம் வெளிச்சிடும். பரவைக்கடல் ஆழமில்லாதது, வெய்யிலுக்கு வத்த வத்த மிச்சத் தண்ணியில உப்பு ஏறிக்கொண்டே போகும். கடல்தண்ணியில லீற்றருக்குக் கிட்டத்தட்ட 35 கிராம் உப்பு, கோடை முடியேக்க எங்கட களப்புகளின்ர மூலையளில அதையும் தாண்டிப் போகும், உப்பே விளையும், செம்மணியிலயும் ஆனையிறவிலயும் உப்பளம் போட்டதே அந்தப் பலத்தாலதான். வேர் ஊண்டாத கண்டு அந்த நேரத்தில தாக்குப்பிடிக்காது. தொண்டைமானாற்றில தடுப்பணை கடல்தண்ணியை மறிச்சு மழைத்தண்ணியைத் தேக்கினாலும், மண்ணில ஊறிக் கிடக்கிற பழைய உவர் கோடையில மேல வந்துதான் தீரும்.

கிணத்துத் தண்ணி விட்டது ரெண்டாவது. களப்போரத்துக் கிணறு கோடையில சவராப் போகும், அந்தத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா ஒவ்வொரு நாளும் விட, தண்ணி ஆவியாப் போகும், உப்பு வேரடியிலயே தங்கும். பிள்ளையள் பாவம், ஆசையாத் தண்ணி விடுறம் எண்டு உப்பைச் சேர்த்திருக்கினம். ஈசி மீற்றர் (தண்ணியில உவர் எவ்வளவெண்டு காட்டுற கருவி) ஒண்டு இரவல் வாங்கிக் கிணத்தையும் களப்பையும் மாதம் ஒருக்கா அளந்து சுவரில எழுதி ஒட்டச் சொல்லுங்கோ. mS/cm அளவில நல்ல கிணறு ஒண்டுக்குக் கீழ காட்டும், கடல் ஐம்பதுக்குக் கிட்டக் காட்டும். அந்த ரெண்டு எண்ணுக்கு இடையில உங்கட களப்பு மாரிக்கும் கோடைக்கும் எவ்வளவு ஏறி இறங்குது எண்டு பிள்ளையள் தங்கட கண்ணால பாத்தா, எந்த மாதம் நடோணும் எண்டு நாங்கள் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை.

அடுத்தது நிலமட்டம், இதைத்தான் நான் கூடச் சொல்ல விரும்புறன். எங்கட பக்கம் கடல் ஏத்த இறக்கம் ஒரு மீற்றரும் வராது, அதால ஒரு சாண் மேடு பள்ளம் கூட பெரிய வித்தியாசம் காட்டும். ஒரு சாண் கீழ நட்டா கார்த்திகை வெள்ளத்தில தாழும், ஒரு சாண் மேல நட்டா சித்திரையில உப்பில காயும். அதுக்கு ஒரு வருசம் நடாம இருங்கோ. களப்புக்குள்ள இருந்து மேட்டு நிலம் மட்டும் ஒரே கோட்டில பனஞ்சிலாகையை அளவு கீறி ஊண்டி விடுங்கோ, கிழமைக்கு ஒருக்கா தண்ணி எதில நிக்குதெண்டு பிள்ளையள் குறிக்கட்டும். அதோட தானா வளந்து நிக்கிற பன் எந்தச் சிலாகைக்குப் பக்கத்தில தொடங்கி எதில முடியுதெண்டும் குறிக்கட்டும். அந்த ரெண்டு சிலாகைக்கு இடையிலதான் பன்னுக்கு இடம், அதுக்கு வெளிய கெஞ்சினாலும் நிக்காது.

நடுறது எப்ப? நிலம் கொஞ்சம் உயரமெண்டா ஐப்பசியில ரெண்டு மூண்டு நல்ல மழை விழுந்து மேல் உவர் கழுவுப்பட்ட உடனே. பள்ளமெண்டா வெள்ளம் வந்து மூடிப்போடும், அதால மார்கழியில தண்ணி இறங்கத் தொடங்கேக்க அது விட்டுட்டுப் போற இடத்தில பின்னாலேயே நட்டுக்கொண்டு போங்கோ, மண் சொதசொதெண்டு இருக்கும், அலவாங்காலே துளை போடலாம். கண்டு சின்னனா இருக்கக்கூடாது, முழங்கால் உயரத்துக்காவது வளந்து பை முழுக்க வேர் பிடிச்சிருக்கோணும். அதுக்கு ஆடி, ஆவணியிலயே பள்ளிக்கூடத்தில நல்ல தண்ணித் தொட்டியில நாத்து வைக்கோணும், அப்பதான் கணக்குச் சரிவரும். கண்டுக்குக் கண்டு ஒரு முழம் விடுங்கோ, ஐதா நட்டா அலை இழுத்துப்போடும். நாத்துக்குக் கிழங்கு எடுக்கேக்க அதே களப்பில இருந்து, ஒரே பத்தையை மொட்டையடிக்காம, அங்கொண்டு இஞ்சொண்டா எடுங்கோ.

மாட்டுக்கு என்ன செய்யிறது? தரவையில மேயிற கட்டாக்காலி மாட்டைத் திட்டிப் பிரயோசனமில்லை, கோடையில பச்சையாக் கண்டா அது வரத்தான் செய்யும். பனை மட்டையால ரெண்டு வருசம் நிக்கக்கூடிய அடைப்பு ஒண்டு போடுங்கோ, நட்ட பரப்பைக் குறைச்சாலும் பரவாயில்லை அடைப்பில்லாம நடாதேங்கோ. மாட்டுக்காரரையும் கூப்பிட்டுக் கதையுங்கோ, கன இடத்தில அவையள்தான் பிறகு காவல்.

கடைசியா ஒண்டு, சேர். வெட்டையாக் கிடக்கிற சேத்து நிலம் எல்லாத்தையும் நடுற நிலமாப் பாக்காதேங்கோ. மாரி கழிய பூநாரையும் வெளிநாட்டுக் கரைப்பறவையளும் இறங்கி மேயிறது அந்த வெட்டையிலதான், சுண்டிக்குளத்தை 2015 இல தேசிய பூங்காவாக்கினதுக்கு அந்தப் பறவையளும் காரணம். பறவை கூட்டமா இறங்கிற இடத்தைப் பிள்ளையளோட போய்ப் பாத்துக் குறிச்சு, அதை அப்பிடியே விட்டுப்போட்டு, முந்திச் செடி நிண்டு அழிஞ்சுபோன கரையாப் பாத்து நடுங்கோ.

கேள்வி (ஊர்காவற்றுறையிலயிருந்து ஒரு வாசகர்): நட்ட கோரை நுனி மஞ்சளாகுது. யூரியா போடலாமோ? மண் கறுப்பா, கூழ்முட்டை மணம் மணக்குது, மண் பழுதாப் போச்சோ?

பதில்: யூரியா போடாதேங்கோ. போட்டா உங்கட கோரையை விடப் பாசியும் சம்பும்தான் முந்திக்கொண்டு எழும்பும், மிச்சம் களப்புக்குள்ள கழுவுப்பட்டுப் போய் மீனைக் கெடுக்கும். கறுப்புச் சேறும் அந்த மணமும் ஈரநிலத்துக்கு இயல்பு, காத்தில்லாத இடத்தில நுண்ணுயிர் கந்தகத்தை மாத்திறதால வாற மணம், மண் பழுதில்லை. மஞ்சளுக்குக் காரணம் மூண்டில ஒண்டு. அடித்தண்டு தண்ணிக்குள்ள கன நாள் தாண்டு கிடக்குதோ பாருங்கோ, அப்பிடியெண்டா ஒரு கை மேட்டுக்கு மாத்துங்கோ. நுனியில இருந்து மேலிருந்து கீழாக் கருகி வந்தா உவர், அடுத்த மழை மட்டும் விட்டுப் பிடியுங்கோ. புது இலை மட்டும் வெளிறி நரம்பு பச்சையா இருந்தா அது தீவுப்பகுதிச் சுண்ணாம்பு மண்ணின்ர குணம், இரும்பு செடிக்குக் கிடைக்குதில்லை, நட்ட குழிக்குள்ள மக்கின எருவும் தும்புத்தூளும் கொஞ்சம் போட்டா ஆறுதலாத் தெளியும்.

கேள்வி (வேலணையிலயிருந்து ஒரு வாசகி): நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் பன்பாய் இழைக்கிறனாங்கள். பன் வரவரக் கிடைக்குதில்லை. கரையில நட்டா, கரையைக் காக்கிறதுக்கு நட்டதை வெட்டலாமோ? வெட்டினா செத்துப் போகாதோ?

பதில்: தங்கச்சி, தாராளமா வெட்டலாம். முதல் கேள்வியில சொன்ன செடி தென்னாபிரிக்காவில சூலு மக்களுக்குப் பாய்ப்புல்லு, இன்சேமா எண்டு சொல்லுவினம், கலியாணத்துக்கு அந்தப் பாய் இல்லாம ஏலாது. இசிமங்கலிசோ எண்ட பெரிய ஈரநிலப் பூங்காவுக்குள்ள, 1999 இல உலக மரபுரிமைப் பட்டியலில சேர்த்த இடத்துக்குள்ளேயே, வருசத்தில குறிச்ச காலத்துக்கு மட்டும் சனத்தை வெட்ட விடுகினம், பெண்கள் கூட்டமாப் போய் அரிவாளால வெட்டிக் கட்டிக்கொண்டு வருவினம். கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கிற மட்டும் திரும்பத் தளிர்க்கும், பன்னும் அப்பிடித்தான்.

நட்டு முதல் ரெண்டு வருசம் கை வைக்காதேங்கோ, கிழங்கு பரவட்டும். அதுக்குப் பிறகு முழுவதையும் ஒரேயடியா வெட்டாம கரையை மூண்டு துண்டாப் பிரிச்சு வருசத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கோ, அப்ப கரை ஒருநாளும் வெறுமையா நிக்காது. மாரித்தண்ணி வடிஞ்சு அடி தெரியிற மாசி, பங்குனிதான் வெட்டுக்கு நல்லது, வெய்யிலும் காய வைக்கக் காணும். தண்ணி நிண்டா தண்ணிக்கு மேல நாலு விரல் விட்டு வெட்டோணும். இழுத்துப் பிடுங்கக்கூடாது, அரிவாள்தான். தண்ணி ஓரத்து முதல் ரெண்டு வரிசையை ஒரு வருசமும் வெட்டாதேங்கோ, அலையை வாங்கிறது அதுதான். பாய்க்கு நீளமான தண்டு வேணுமெண்டா உவர் குறைஞ்ச பின்பக்கப் பள்ளத்தில நடுங்கோ, உவர் கூடின இடத்தில கட்டையாத்தான் வளரும், அது கரைக்கு உதவும், பாய்க்கு உதவாது.